அட்மிஷன் ரெஜிஸ்டரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வரலாறு

கோலார் தங்கவயலில் நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்களைப் பார்க்க வேண்டுமென்றால், காலை நேரத்தில் கே.ஆர்.புரம் ரயில் நிலையத்தில் நின்றால் போதும். 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவு வீடு திரும்புவது எங்கள் ஊரில் ஒரு தலைமுறையின் பிழைப்பாகிவிட்டது. போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர், வர அதே தூரம். அந்த அலைச்சல் ஒத்துவராதவர்கள் மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் என்று ரயில் நிற்கிற இடங்களாகப் பார்த்து வாடகைக்கு வீடு பிடித்தோம். பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது, படித்தவர்கள் இங்கே இருக்கிறோம்.

பழைய மாணவர் குழு என்றால் வாட்ஸ்அப்பில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். ஒருநாள் யாரோ "பள்ளிக்கு ஏதாவது செய்யலாமே" என்று ஆரம்பித்தார்கள். நுழைவாயிலில் வளைவு கட்டலாம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனைகள் கொட்டின. எங்களுக்கெல்லாம் மூத்த ஒரு அக்கா, பெங்களூரிலேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் பதிவு ஒன்று போட்டார்: "வளைவு அப்புறம் கட்டலாம்டா. அந்த ஸ்கூலை யார் கேட்டு வாங்கினாங்க, முதல் வருஷம் யாரெல்லாம் படிச்சாங்கன்னு உங்கள்ல ஒருத்தனுக்காவது தெரியுமா?" ஒருவரும் பதில் போடவில்லை. அப்படித்தான் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. இதே போன்ற வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. நாங்கள் பார்த்த ஏடுகளில் இருப்பவை ஊர்க் குடும்பங்களின் விவரங்கள்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் பள்ளியைப் பற்றிச் சொல்ல முடியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்துக்குள் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கே அதற்கு 3 ஆண்டுகள் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. இதைப் பெருமையாகச் சொல்லாத தங்கவயல்காரர் கிடையாது. தொழிலாளர்களின் தட்டி வீடுகளுக்கு அந்த வெளிச்சம் எப்போது வந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். படிப்பும் அதே கதைதான். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே வழி தேட வேண்டியிருந்தது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் 1907இலேயே கிளை உண்டு. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926இல் பௌத்த அறிஞர் அப்பாதுரையார் மறுபடி தொடங்கியதும் தங்கவயலிலிருந்துதான். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் விளக்கு வைத்துப் படித்த ஊர் இது. அரசுப் பள்ளி வந்தது அதற்கெல்லாம் பின்னால், சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்ததை ஒட்டிய காலத்தில்.

சரி, பள்ளி வரலாற்றை எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லாரும் கல்வெட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்கள் பள்ளிச் சுவரில் உள்ள கல்வெட்டு, ஒரு கட்டடத்தை எந்த மந்திரி திறந்து வைத்தார் என்று மட்டும் சொல்கிறது. பள்ளி அதற்கு முன்பே வேறு ஒரு கொட்டகையில் நடந்திருக்கிறது. ஆண்டுவிழா மலர்கள் இருந்தால் நல்லது. எங்களுக்குக் கிடைத்தவற்றில் பாதிக்குமேல் வாழ்த்துச் செய்திகளும் கடை விளம்பரங்களும். அந்த விளம்பரங்களை அலட்சியப்படுத்தாதீர்கள் என்பேன். ராபர்ட்சன்பேட்டையில் எந்தெந்தக் கடைகள் எந்தக் காலத்தில் இருந்தன என்று அவற்றில்தான் தெரிந்துகொண்டோம்.

உண்மையான புதையல் அட்மிஷன் ரெஜிஸ்டர். எந்த அரசுப் பள்ளியும் தூக்கிப்போடக் கூடாத ஏடு அது. டி.சி. கேட்டு 40 வருடம் கழித்து ஒருவர் வந்து நின்றாலும் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதைப் பார்க்க அனுமதி வாங்குவது தனிக் கலை. பழைய மாணவன் என்ற உரிமையில் எச்.எம். அறைக்குள் நேரே போய் நின்றால் நடக்காது. அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார், நம்மை அவருக்குத் தெரியாது. என்ன பார்க்கப்போகிறோம், எதைக் குறிக்கப்போகிறோம், எதைக் குறிக்கமாட்டோம் என்று ஒரு பக்கக் கடிதம் கன்னடத்தில் எழுதி, எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு) தலைவருக்கும் ஒரு நகல் கொடுத்தோம். கடிதத்தில் நாங்களே போட்ட நிபந்தனைகள்: ஏடு அலுவலகத்தை விட்டு வெளியே போகாது, பக்கங்களைப் படம் எடுக்கமாட்டோம், பெயரையும் சாதியையும் எழுதமாட்டோம், சேர்ந்த வருடம், தந்தையின் தொழில், வீட்டுப் பகுதி, விலகிய காரணம் இவற்றை மட்டும் குறித்துக்கொள்வோம். இதைப் படித்த பிறகுதான் எச்.எம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தேர்வுக் காலத்திலும் ஜூன் மாத அட்மிஷன் நேரத்திலும் போகாதீர்கள். தசரா விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்களுக்குச் சரிப்பட்டது.

அந்த ஏட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் பக்கம் பக்கமாக 'அண்டர்கிரவுண்ட்', 'டிம்பர்மேன்', 'ட்ராமர்', 'மில்' என்று சுரங்க வேலைகளாகவே எழுதியிருந்தது. 1964இல் பெமல் (மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் அரசு நிறுவனம்) வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 'பெமல்' தலைகாட்டுகிறது. 1990களில் 'கூலி', 'பெயின்டர்', 'ஆட்டோ' பெருகுகின்றன. 2001க்குப் பிறகு 'பெங்களூர் வேலை' என்றே எழுதிவிட்டிருக்கிறார்கள், என்ன வேலை என்றுகூட இல்லை. புத்தகம் எழுதி விளக்க வேண்டியதை ஒரு கிளார்க் ஒரே கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது விலகிய காரணம் என்ற கட்டம். முதல் இருபது வருடங்களில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பின் நடுவிலோ நின்றுபோன பிள்ளைகளுக்கு 'சொந்த ஊர் செல்கிறார்' என்ற காரணம் அடிக்கடி வருகிறது. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எதற்காக ஊருக்குப் போகிறார்கள்? தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருக்கும் ஒரு பெரியவர்தான் விளக்கினார். அப்பா ரிட்டையர் ஆனால் கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு எடுக்க வசதி இல்லாத குடும்பம், பார்த்தே இராத வட ஆற்காட்டுக் கிராமத்துக்கு மூட்டை கட்டும். அதோடு பையனின் படிப்பும் போயிற்று. படிப்பில் அக்கறை இல்லாமல் நின்றவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த பலரின் கதை இது. ஆகவே சொல்கிறேன், பாஸான சதவீதத்தை மட்டும் வைத்துப் பள்ளி வரலாறு எழுத உட்காராதீர்கள். விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று பாருங்கள்.

ஏட்டில் இல்லாததை ஆட்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பேட்டி என்று சொன்னாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு மேடைப் பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "அந்தக் காலத்தில் ஒழுக்கம் இருந்தது" என்று தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து குரூப் போட்டோ. யாரிடமாவது கிடைத்த பழைய வகுப்புப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப்போய், ஒன்றும் கேட்காமல் கையில் கொடுத்துவிடுவோம். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இவன் யார் தெரியுமா? கோல்கீப்பர். இவனோட தம்பி என் மச்சான்" என்று தாமாகவே பேச்சு வரும். அந்த நேரத்தில் போனில் ரெக்கார்டரை அவர்கள் கண்ணெதிரே, அனுமதி கேட்டு, போட்டு வையுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து கேட்டால் ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் சரியாக வராது. "உங்க அப்பா அப்போ எந்த ஷாஃப்ட்?" என்று, அதாவது எந்தச் சுரங்கக் குழியில் வேலை என்று கேளுங்கள், வரும். "இந்திரா காந்தி செத்தப்போ எந்த கிளாஸ்?", "காவிரிக் கலவரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் 1984, 1991 என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு 1991 டிசம்பர் மறக்காது. பள்ளிச் சம்பவம் என்றாலும் அதைச் சுற்றியே ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரே விஷயத்தைப் பலரும் கேட்காமலே சொன்னார்கள்: ஏர் பிளாஸ்ட். சாம்பியன் ரீஃபில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வகுப்பறையில் பெஞ்சு அதிரும், ஜன்னல் சத்தம் போடும். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் வந்து அமர்ந்ததற்குப் பின்னால் இந்தப் பாறைகளின் நீண்ட கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது விஞ்ஞானமாகத் தெரியவில்லை. அதிர்ந்த உடனே, யார் யாருடைய அப்பா காலை ஷிஃப்டில் இருக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு கணக்கு டீச்சர் அந்த நேரத்தில் கரும்பலகையில் நீளமான பெருக்கல் கணக்கு ஒன்றை எழுதி "எல்லாரும் போடுங்க" என்பாராம். எத்தனையோ வருடம் கழித்து, அவருடைய கணவரும் கீழேதான் வேலை பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியவந்தது.

போட்டோக்களைக் கையாள்வது பற்றிக் கொஞ்சம். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் பல வீடுகளில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடே ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, நமக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டால் கண்ணாடியில் நம் உருவம் விழாமல் படம் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். பின்பக்கம் பெயர் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில் மட்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் காட்டும். பாதுகாக்கிறோம் என்று லேமினேட் செய்தவர்களின் படங்களைப் பார்த்து வயிறு எரிந்தது. அந்தச் சூட்டை வாங்கிய படத்தை இனி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எடுத்த படத்தை அன்றைக்கே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப்போய்த் தொலைத்தவர்கள் எங்களுக்கு முன்பே சிலர் வந்து போயிருக்கிறார்கள். அதனால் பாதி வீடுகளில் ஆல்பத்தையே காட்ட மறுத்தார்கள், தப்பில்லை.

பெண்கள் விஷயத்தில் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. ஆண்களின் தொடர்பு எப்படியோ தொடர்கிறது: ரயில், டீக்கடை, கால்பந்து. உடன் படித்த பெண்கள் எங்கே என்று கேட்டால் "கல்யாணமாகிப் போயிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெயரின் முன்னெழுத்து மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும். அக்காதான் வழி காட்டினார். தங்கவயலில் இன்னும் இருக்கும் அவர்களின் அம்மா, அண்ணி, தங்கை இவர்களைப் பிடித்தால் போதும், பெங்களூரில் எந்த ஏரியா என்று சொல்லிவிடுவார்கள். அவரே போன் செய்து பேசினார், நாங்கள் பேசவில்லை. ஒருவர் மூலம் இன்னொருவர் என்று வந்து, கடைசியில் பெண்கள் சொன்னவைதான் தொகுப்பில் சுவையான பகுதி ஆயிற்று. பையன்கள் எல்லாரும் ஆட்டத்தையும் சேட்டையையும் பற்றிப் பேசினார்கள். மழைக்காலத்தில் எந்த வகுப்பு ஒழுகும், குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிவறை இல்லாததால் எத்தனை பேர் மதியமே வீட்டுக்கு ஓடினார்கள் என்பதையெல்லாம் சொன்னவர்கள் பெண்கள்.

சண்டை வந்த இடமும் உண்டு. ஒரு பழைய வாத்தியார் கைநீட்டுவார். அந்த அடியில் காது கேட்காமல் போன ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். "அவர் அடிச்சதாலதான் நாம இன்னைக்கு இப்படி இருக்கோம்" என்று ஒரு கூட்டம் அதைச் சிரிப்புச் சம்பவமாக எழுதச் சொன்னது. நான் மறுத்தேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடி வாங்கியவர் வலி என்று சொல்வதை மற்றவர்கள் தமாஷாக மாற்றி எழுத உரிமை கிடையாது. கடைசியில் பெயர் குறிப்பிடாமல், அவர் சொன்ன வாக்கியங்களை அப்படியே போட்டோம். தலைமையாசிரியர்களைப் பற்றிய பகுதியிலும் இதே யோசனைதான்: 'சிறந்த', 'தன்னலமற்ற' போன்ற சொற்களை வெட்டி எறிந்துவிட்டு, அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி. 'ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியைத் திறந்து வைத்தவர்' என்றால் போதாதா?

தமிழ் மீடியத்தைப் பற்றி எழுதும்போது கை தயங்கியது. எங்கள் காலத்தில் தமிழ் மீடியத்தில் இரண்டு செக்‌ஷன். இப்போது அந்த அறைகளில் வேறு வகுப்புகள். பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட 1982 கோகாக் போராட்டம், கன்னடத்தைக் கட்டாயமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டம் என்று மொழிக் கொள்கையைக் காரணம் காட்டுவது எளிது. ரெஜிஸ்டர் வேறு ஒன்றையும் சொல்கிறது: தமிழ்ப் பிரிவில் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது 2001ஐ ஒட்டித்தான். வேலை பெங்களூரில் என்று ஆன பிறகு பெற்றோர் ஆங்கிலத்தைக் கேட்டார்கள். நானும் என் மகளை இங்கே ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தேன், வீட்டில் தமிழ் படிக்க வைக்கிறேன். முதல் மொழித் தாளுக்கு 125 மதிப்பெண், மொத்தம் 625 என்றிருந்த எஸ்.எஸ்.எல்.சி.யில், தமிழ் ஆசிரியர் இல்லாத பள்ளியில் பிள்ளையைத் தமிழ் எடுக்கச் சொல்ல எந்தப் பெற்றோருக்குத் தைரியம் வரும்? இரண்டு காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தோம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை.

தொகுப்பைத் தமிழில் மட்டும் போட வேண்டும் என்று பலர் நின்றார்கள். இன்றைய எச்.எம். கன்னடம் படிப்பவர், பிள்ளைகளில் உருது பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளியைப் பற்றிய புத்தகத்தை அவர்களே படிக்க முடியாவிட்டால் எதற்கு? நினைவுகள் தமிழில், வரலாற்றுப் பகுதி தமிழிலும் கன்னடத்திலும், படக்குறிப்புகள் ஆங்கிலத்திலும் சேர்த்து என்று முடிவானது. கன்னடப் பகுதியை மொழிபெயர்த்தவர் இப்போது அங்கே படிக்கும் ஒரு மாணவியின் அம்மா.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கும்வரை அவசரப்படாதீர்கள். நாங்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கக்கூடிய ஒரு கூட்டுக் கணக்கோடு நிறுத்திக்கொண்டோம். வந்த தொகையும் செலவும் மாதம் ஒருமுறை குழுவில் போடப்படும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பள்ளிக்குப் பணமாக எதையும் கொடுக்காதீர்கள். பொருளாக வாங்கிக் கொடுத்து, ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதிந்து, எச்.எம். கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எச்.எம். நாளை மாற்றலாகிப் போனாலும் பொருள் பள்ளியோடு இருக்கும்.

புத்தகச் செலவு போக மீந்த பணத்தில் வளைவா, ஸ்மார்ட் போர்டா என்று மறுபடி பேச்சு எழுந்தபோது, அக்கா பெண்கள் சொன்ன பக்கத்தை எடுத்து வாசித்தார். பிறகு எச்.எம்.மிடம் நேரடியாகவே கேட்டோம். சம்ப் மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது, மாணவிகளின் கழிவறைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்றார். மோட்டாரும் மேல்தொட்டியும் வாங்கினோம். வளைவு கேட்டவர்களில் ஒருவர், பெங்களூரில் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவர், கூலி வாங்காமல் வந்து குழாய் போட்டுக் கொடுத்தார்.

புத்தகத்தில் ஒரு பிரதி பள்ளி அலுவலகத்தில், ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருக்கிறது. மீதி குடும்பங்களுக்குப் போய்விட்டது. ஒலிப்பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைத் தங்கவயலிலும் ஒன்றை கே.ஆர்.புரத்திலும் வைத்திருக்கிறோம். அடுத்த பதிப்பை இப்போதைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடுவதாகப் பேச்சு. அவர்களுக்கு முதல் வேலையாக, தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய மாணவர் ஒருவரிடம் பேசி ஒரு பக்கம் எழுதி வரும்படி சமூக அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறார்.